ரேடியேட்டரில் கூலன்ட் நிரப்பும்போது உள்ளே தங்கும் நீரை என்ன செய்வது?

கேள்வி:
வணக்கம். ரேடியேட்டர் ஓஸ் வெடித்தபோது, வழியில் இருந்த ஒரு பட்டறையில் புது ஓஸ் மாட்டி, ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றி அனுப்பினார்கள். இப்போது முறையாகக் கூலன்ட் நிரப்ப விரும்புகிறேன். கையேட்டில் மொத்தக் கொள்ளளவு 5 லிட்டர் என்றிருக்கிறது. அடித்திருகைக் கழற்றினால் 3 லிட்டர்தான் வடிகிறது. நீர் கலந்தே விற்கப்படும் கூலன்டை அந்த 3 லிட்டருக்கு ஊற்றினால் போதுமா?

பதில் 1:
போதாது. மீதி 2 லிட்டர் இன்ஜின் பிளாக்கிலும் ஹீட்டரிலும் தங்கியிருக்கிறது. பாதிக்குப் பாதி நீர் கலந்த கூலன்ட் 3 லிட்டரில், நீரை உறையாமல் காக்கும் மூலப்பொருளான கிளைக்கால் ஒன்றரை லிட்டர்தான். மொத்த 5 லிட்டரில் அது 30 விழுக்காடே ஆகும். நம் ஊரில் நீர் உறையாது என்பதால் இதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. ஆனால் அலுமினியத்தையும் வார்ப்பிரும்பையும் அரிப்பிலிருந்து காக்கும் சேர்மங்களும் அதே அளவுக்கு நீர்த்துப்போகின்றன என்பதே என் கவலை.

முதலில் காய்ச்சி வடித்த நீரை நிரப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, தெர்மோஸ்டாட் (சூடேறியதும் திறந்து ரேடியேட்டருக்கு நீரை விடும் வால்வு) திறக்கும் வரை இன்ஜினை ஓடவிட்டு, நன்றாக ஆறிய பிறகு வடித்துவிடுங்கள். கிணற்று நீரின் சுண்ணாம்பு உப்புகள் குறுகிய குழாய்களில் படிந்து அடைத்துக்கொள்ளும் என்பதால், இதை இரண்டு மூன்று முறையாவது செய்ய வேண்டும். பிறகு நீர் கலக்காத அடர் கூலன்ட் இரண்டரை லிட்டரும் காய்ச்சி வடித்த நீர் அரை லிட்டரும் ஊற்றினால், உள்ளே தங்கியதோடு சேர்ந்து சரிபாதியாகிவிடும்.

பதில் 2:
கணக்கு சரியானது, காற்றையும் வெளியேற்ற வேண்டும். காரின் முன்பக்கம் சற்று உயர்ந்திருக்கும்படி நிறுத்தி, மெதுவாக ஊற்றுங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே மூடியைத் திறந்து வைத்து, ஐட்லிங்கில் ஓடவிடுங்கள். ஏறத்தாழ 82 முதல் 90 டிகிரிக்குள் தெர்மோஸ்டாட் திறந்ததும் மேல் ஓஸ் சூடாகும், மட்டம் இறங்கும். குமிழிகள் நிற்கும் வரை ஊற்றி, பிறகு மூடுங்கள். சூடான இன்ஜினில் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள். வெப்பமானியின் முள்ளை மட்டும் நம்புவதும் ஆபத்து: சென்சார் காற்றுக்குள் மாட்டிக்கொண்டால், முள் ஏறாமலே இன்ஜின் கொதித்துவிடக்கூடும். இன்ஜின் சூடான பின்னும் ஹீட்டரில் குளிர்காற்று வந்தால், உள்ளே இன்னும் காற்று இருக்கிறது என்று கொள்ளலாம். மறுநாள் காலையில் ரிசர்வ் டேங்கின் மட்டத்தை மீண்டும் பாருங்கள்.

பதில் 3:
பச்சை, சிவப்பு என்ற நிறத்தை வைத்துக் கூலன்ட் வாங்காதீர்கள். நிறத்துக்குப் பொதுவான விதி கிடையாது, கையேட்டில் குறிப்பிட்ட வகையையே வாங்குங்கள். வடித்த கூலன்டைத் திறந்த தட்டில் வைக்க வேண்டாம். எத்திலீன் கிளைக்கால் இனிப்பான நஞ்சு. நாய்களும் குழந்தைகளும் அதைக் குடித்துவிடக்கூடும்.