பிசியோ கிளினிக்கில் கண்டதில் இன்னும் மனசை விட்டுப் போகாத ஒன்று: உங்கட அனுபவத்தை எழுதுங்கோ

தெஹிவளைப்பக்கம்

முழங்கால் மூட்டு மாற்றின ஆக்களைக் கூட்டிக்கொண்டு போறவைக்குத்தான் இது. ஒப்பரேஷன் முடிஞ்சு இரண்டாம் கிழமை. எழுபது தாண்டின அம்மா, காயம் நல்ல சுத்தம், தையலும் வெட்டியாச்சு. மகள் சந்தோஷமாகச் சொல்றா: "மிஸ், அம்மாவுக்கு நோகவே விடேல்ல. இரவு முழுக்க முட்டுக்குக் கீழ தலகணி வைச்சுத்தான் படுக்க விடுறம்."

பிசியோ மிஸ் பதில் சொல்லேல்ல. அம்மாவை மல்லாக்கப் படுக்க வைச்சு, குதிக்காலுக்குக் கீழே ஒரு துவாயைச் சுருட்டி வைச்சா. அப்படி வைச்சால் முட்டு தன்பாட்டில் கட்டிலை நோக்கி இறங்க வேணும். அது இறங்கேல்ல. கோணமானியைப் பிடிச்சால் 20 பாகை மடிப்பு. கையால் அமத்தினாலும் அசையேல்ல. மகளின்ர முகத்தைப் பார்க்க ஏலாமல் போச்சு.

தலகணி சுகம் தாறதுக்குக் காரணம் இருக்கு. வீங்கின மூட்டுக்குள் அழுத்தம் குறைவாக இருக்கிறது பாதி மடிஞ்ச நிலையில்தான். ஆனால் அந்த நிலையிலேயே கிடந்தால் மூட்டின் பின்பக்க உறையும் பின்தொடைத் தசையும் சுருங்கிப் போகும். பிறகு நிமிராத காலோடு நடை, அந்தக் கால் கட்டையான மாதிரி நொண்டல், முன்தொடைத் தசைக்கு நிற்கும்போதும் ஓய்வில்லை. கொஞ்ச நாளில் இடுப்பும் சேர்ந்து நோகும்.

செய்ய வேண்டியது மற்றப்பக்கம். சுருட்டின துவாய் குதிக்காலுக்குக் கீழே, முட்டுக்குக் கீழே ஒன்றும் இல்லை. 10 நிமிடம், நாளைக்கு மூன்று நாலு தரம். அப்படிக் கிடந்தபடியே தொடையை இறுக்கி முட்டைக் கீழே அமத்தி, 5 எண்ணி விடுறது, 10 தரம். எல்லாரும் "90 வந்துதா, 90 வந்துதா" என்று மடிப்புக்குத்தான் அந்தரப்படுவினம். மடிப்பு கொஞ்சம் பிந்தினாலும் பிடிச்சிடலாம். நிமிர்வு பிந்தினால் எடுக்கிறது பெரும் பாடு.

வெள்ளவத்தை லேன்

என்ர நினைவில் நிற்கிறது இறுகின தோள். ஒரு ரீச்சர், சுகர் கன வருஷமாக. பிளவுஸ் கொக்கி மாட்ட ஏலாது, தலை இழுக்க ஏலாது. வரிசையில் இருந்த அரைவாசிப் பேர் ஆளுக்கொரு எண்ணெய் சொல்லிச்சினம். ஒருத்தர் முறிவு நெரிவு நாட்டு வைத்தியத்துக்கு ஒட்டகப்புலம் வரைக்கும் போய்ட்டு வரச் சொன்னார்.

உள்ளே நடந்தது ஒரு நிமிட வேலை. இரண்டு முழங்கையையும் விலாவோடு ஒட்டி மடக்கி, முன்கை இரண்டையும் வெளிப்பக்கம் திருப்பச் சொன்னவை. நல்ல கை கதவு திறந்த மாதிரிப் போச்சு. மற்றது நேரே முன்னுக்குப் பார்த்தபடி நிண்டுது. பிசியோ தானே பிடிச்சுத் திருப்பினார், அப்பவும் போகேல்ல. அதுதான் அடையாளம். தசைநார் கிழிஞ்ச தோள் என்றால் தன்னால் தூக்க ஏலாது, ஆனால் இன்னொருவர் பிடிச்சால் பெரும்பாலும் போகும். உறை இறுகின தோள் ஆர் பிடிச்சாலும் போகாது, வெளித்திருப்பம்தான் எல்லாத்தையும் விடக் கூடக் குறையும். ஃப்ரோசன் ஷோல்டர் என்ற பெயரை 1934இல் வைச்சவர் கொட்மன் என்ற அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர். கையைத் தொங்கவிட்டு ஆட்டுற பயிற்சிக்கும் அவர் பெயர்தான்.

நோ, இறுக்கம், இளகல் என்று மூன்று கட்டம், முழுக்க முடிய ஒன்றிலிருந்து மூன்று வருஷம் வரை போகலாம். நோக் கட்டத்தில் பிடிச்சு முறிச்சால் நோ கூடத்தான் செய்யும். அப்ப ஆட்டல் மட்டும்: நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனிஞ்சு, நோகிற கையைத் தொங்கவிட்டு, உடம்பை அசைக்க கை தானே ஆட வேணும். இறுக்கக் கட்டத்தில் கதவுக்கு மேல் ஒரு கப்பி. கதவுக்கு முதுகு காட்டிக் கதிரையில் இருந்து, நல்ல கையால் கயிற்றை இழுத்து மற்றக் கையை மேலே எடுக்கிறது. மேலே 5 எண்ணி, மெதுவாக இறக்கம். வீட்டில் தோள் பிரச்சினை உள்ள ஆர் என்றாலும் ஒரு கப்பி கட்டி வைச்சால் கிளினிக்குக்கு அலைச்சல் அரைவாசி குறையும்.

இரண்டாம் மாடி

மேலே எழுதினவரின் கடைசி வசனத்தை அப்படியே விட முடியாது. "தோள் பிரச்சினை உள்ள ஆர் என்றாலும்" என்பது ஆபத்தான பேச்சு. பாரிசவாதம் வந்த தோளுக்குக் கப்பி கட்டக் கூடாது.

கையைத் தலைக்கு மேல் எடுக்கும்போது மூன்று பாகைக்கு ஒரு பாகை அளவில் தோள்பட்டை எலும்பும் சுழல வேண்டும். பாரிசவாதத்தில் அந்த எலும்பைச் சுழற்றும் தசைகளும் சோர்ந்து கிடக்கும். நல்ல கை கயிற்றை இழுக்கும், செத்த கை மேலே போகும், தோள்பட்டை எலும்பு இருந்த இடத்திலேயே இருக்கும். நடுவில் இருக்கிற தசைநார் நசியும். உணர்ச்சியும் குறைந்திருந்தால் அன்று அவருக்குத் தெரியாது, அடுத்த கிழமை தொட விடமாட்டார்.

இந்த நோயாளர்களின் தோளில் விரலை வைத்துப் பார்த்தால் நுனி எலும்புக்குக் கீழே ஒரு விரல் போகிற பள்ளம் இருக்கும். கையின் பாரத்தில் மூட்டு கீழே இறங்கின பள்ளம். வாசலில் அடிக்கடி காண்கிற காட்சி: ஓட்டோ வந்து நிற்கும், மனைவி இறங்கி, கணவரின் வழங்காத கையைப் பிடித்து இழுப்பார். டிரைவர் தம்பி உதவிக்கு ஓடி வந்து கக்கத்துக்குள் கை விட்டுக் கைலாகு கொடுப்பார். இரண்டு பேரும் நல்ல மனசோடு அந்தப் பள்ளத்தைப் பெரிசாக்குகிறார்கள். ஒருமுறை ஒரு ஐயா அப்படி இழுபட்டு இறங்கும்போது சத்தம் போடவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு நல்ல கையால் அந்தத் தோளைப் பொத்திப் பிடித்தார். மனைவி "கால் தடக்கினதோ" என்று கேட்டார்.

ஓட்டோவில் இருந்து இறக்குகிற முறை இது. நடைபாதை ஓரமாக ஒட்டி நிறுத்தச் சொல்லுங்கள், இறங்குகிற உயரம் குறையும். முதலில் ஆளை இருக்கையின் விளிம்புக்கு நகர்த்துங்கள். நல்ல கையால் முன் கம்பியைப் பிடிக்கட்டும். உதவுகிறவர் வெளியே, வழங்காத பக்கத்தில் நின்று, இடுப்பில் பெல்ட்டையோ ஒரு துண்டைக் கட்டி அதையோ பிடிக்க வேண்டும். கையையோ கக்கத்தையோ தொடவே வேண்டாம். இறங்கும்போது வழங்காத கால் முதலில், ஏறும்போது நல்ல கால் முதலில். இருக்கும்போது அந்தக் கை மடியில் ஒரு தலகணி மேல் இருக்கட்டும், பக்கத்தில் தொங்கக் கூடாது. அந்தப் பக்கம் சரிந்து படுக்கலாம், ஆனால் தோள்பட்டையை முன்னுக்கு எடுத்துவிட்டுப் படுக்க வேண்டும். தோள் நுனியில் பாரம் விழக் கூடாது.

பாரிசவாதக் கைக்கு அமத்திப் பழகப் பந்து வாங்கிக் கொடுக்கிறவர்களுக்கும் ஒரு சொல். விரல்கள் தானாகவே இறுகி மூடுகிற கைக்கு மூடப் பழக்கத் தேவையில்லை. திறப்பதுதான் அங்கே கஷ்டமான வேலை.

வெள்ளவத்தை லேன்

சரி, நான் எழுதினது இறுகின தோளுக்கு என்று வாசிக்கிறவைக்கு விளங்கும்தானே. அதுக்கு இவ்வளவு கோபம் தேவையில்லை.

இரண்டாம் மாடி

விளங்காது. சந்தையில் கப்பி விற்கிறவர் எந்தத் தோள் என்று கேட்டு விற்பதில்லை.

மெழுகுச்சட்டி

சண்டையை விட்டிட்டு சூட்டுக்கு வாங்கோ. முதுகு நோவுக்கு ஹொட் பேக் (சுடுதண்ணியில் ஊற வைச்சுத் துவாயில் சுற்றி வைக்கிற பை) வைச்ச ஒரு அண்ணை. சுகர்காரர், கால் விறைப்பும் இருக்கு. பேக்கைச் சுற்றியிருந்த துவாயில் இரண்டு மடிப்பை, பிசியோ அங்கால திரும்பின நேரம் பார்த்து, தானே உருவி எடுத்திட்டார். "சூடு காணாது மிஸ், காசு குடுத்து வந்தது." பேக்கை எடுத்தபோது முதுகில் துவாயின் கரை வரி வரியாகச் சிவப்பாகப் பதிஞ்சிருந்தது. இரவு கொப்புளம்.

அந்த பேக் ஊறுகிற தண்ணி 70 முதல் 75 பாகை செல்சியஸ். ஆறிலிருந்து எட்டு மடிப்புத் துவாய் கேட்கிறது சும்மா இல்லை. சூடு உச்சத்துக்கு வர 5 நிமிடம் அளவில் எடுக்கும், அதனால் முதல் நிமிடத்தில் "காணாது" என்று எல்லாருக்கும் தோன்றும். 5ஆம் நிமிடத்தில் தூக்கித் தோலைப் பார்க்க வேணும், மொத்தம் 15, 20 நிமிடம் போதும். பேக்குக்கு மேலே ஏறிப் படுத்தால் உடம்பின் பாரத்தில் துவாய் நசிஞ்சு சூடு நேரே ஏறும். தோலில் அமத்தலால் இரத்தவோட்டமும் குறைவு, சூட்டைக் கொண்டுபோக ஆளில்லை.

சுகர் ஆக்களுக்கு முதலில் இரண்டு கண்ணாடிக் குழாயில் சுடுதண்ணியும் குளிர்தண்ணியும் எடுத்து, கண்ணை மூடச் சொல்லித் தொட்டு, எது எது என்று கேட்கிறது முறை. மாறிச் சொன்னால் அந்த இடத்துக்குச் சூடு இல்லை. நீங்கள் போற இடத்தில் கேட்கேல்லையென்றால் நீங்களே சொல்லுங்கோ, "எனக்கு அங்க விறைப்பு" என்று.

கையை உருகின மெழுகில் முக்கி எடுக்கிற சூட்டுக்கும் அதேதான். 52, 54 பாகையில் மெழுகு தோலைச் சுடாது, ஆனால் விரலிடுக்கில் ஒரு துளி தண்ணி இருந்தால் அந்த இடம் அவியும். மோதிரத்தையும் கழட்டுங்கோ.

கொட்டாஞ்சேனைச் சந்தி

சின்ன விடயம்தான். வராந்தாவில் ஒருவர், வலது இடுப்பு நோ, கைத்தடியும் வலது கையில். அடி இறப்பர் தேய்ஞ்சு அலுமினியம் வெளியே தெரியுது. மழை நாள், நனைஞ்ச டைல்ஸில் தடி "சர்ர்" என்று போனது. சுவரைப் பிடிச்சார், விழவில்லை.

தடி எப்போதும் நோகாத பக்கக் கையில். வலது காலில் நிற்கும்போது இடுப்பைச் சரியாமல் பிடிக்கிறது வலது இடுப்புத் தசை. அது இழுக்கிற இழுவைதான் மூட்டை அமத்துகிறது. இடது கையில் தடியை ஊன்றினால் அந்தத் தசையின் வேலை குறையும், மூட்டின் பாரமும் குறையும். வலதில் பிடிச்சால் உடம்பு நோகிற பக்கமே சாயும். தடியும் நோகிற காலும் சேர்ந்து முன்னுக்குப் போக வேண்டும், பிறகு நல்ல கால்.

உயரம்: வழமையாகப் போடுகிற செருப்போடு நேரே நின்று கையைத் தொங்கவிட்டால், பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேரே வர வேண்டும். பிடிக்கும்போது முழங்கை 20, 30 பாகை மடியும். கடையில் வாங்கினபடியே பாவித்தால் அநேகமாக உயரம் கூட, தோள் காதுக்கு ஏறும். பட்டன் ஓட்டையில் முழுக்க வெளியே வந்து "டிக்" என்று நிற்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். இறப்பரின் அடியில் வட்டக் கோடுகள் அழிஞ்சால் மாற்ற வேண்டும், தடியைக் கொண்டுபோய்க் குழாயின் அளவுக்குச் சரியாக வாங்குங்கள், தளர்வானது பாதி வழியில் கழரும்.

படி ஏறும்போது கைப்பிடி ஒரு கை, தடி மற்றக் கை. நல்ல கால், பிறகு நோகிற காலும் தடியும். இறங்கும்போது தடியும் நோகிற காலும் முதலில். கொழும்பு காலி வீதியில் பஸ் ஏறுகிறவர்களுக்கு: கொண்டக்டர் அவசரப்படுத்துவார், அவர் பேச்சைக் கேட்க வேண்டாம். தடியை அவரிடமோ கூட வந்தவரிடமோ கொடுத்துவிட்டு இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து நல்ல காலால் ஏறுங்கள். நடைபாதையில் பெயர்ந்த கல் இருக்கிற இடத்தில் தடியை முதலில் ஊன்றிப் பார்த்துவிட்டுத்தான் பாரத்தைக் கொடுக்க வேண்டும்.

பம்பலப்பிட்டி கரை

கேட்டது அனுபவம். மேலே உள்ளவர் பாடம் எடுத்திட்டார், பரவாயில்லை, இறப்பர் விடயம் உண்மை.

நான் சொல்ல வந்தது இதுவரைக்கும் ஒருத்தரும் தொடாதது. ஒரே நாளில் சுகர், பிசியோ என்று இரண்டு கிளினிக். விடிய வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்க வேணும், பிறகு அங்க நம்பர், பிறகு பிசியோவில் நம்பர். பதினொரு மணி போல இணைகம்பிக்கு நடுவில் நடந்துகொண்டிருந்த ஒரு ஐயா நடையை நிறுத்திட்டு, கம்பியைப் பிடிச்சபடி சும்மா சிரிச்சார். ஃபேன் நேரே வீசுது, ஆனால் சேர்ட் முதுகு முழுக்க நனைஞ்சு ஒட்டிப்போச்சு. பெயரைக் கேட்டால் கிளினிக் கொப்பியை நீட்டுறார். பயிற்சியில் களைச்சிட்டார் என்றுதான் சுற்றி நின்ற எல்லாரும் நினைச்சவை. மருமகள்தான் கையைத் தொட்டுப் பார்த்திட்டு "ஐயா காலமை சாப்பிட்டவரோ?" என்று கத்தினா. சாப்பிடேல்ல. சுகர்க் குளிசை மட்டும் போட்டவர், இரத்தத்தில் சீனி இறங்கிப்போச்சு.

இருத்தி, மூன்று தேக்கரண்டி சீனி அரைக் கோப்பை தண்ணியில் கரைச்சுக் குடுத்தவை. அது ஏறக்குறைய 15 கிராம். 15 நிமிடத்தால் விரலில் குத்திப் பார்த்து, பிறகுதான் பிஸ்கட். இந்த ஒழுங்கு முக்கியம், பிஸ்கட்டை முதலில் குடுத்தால் சீனி இரத்தத்துக்கு ஏற நேரம் எடுக்கும். ஆள் மயங்கி விழுங்க ஏலாத நிலையென்றால் வாயில் ஒன்றும் ஊற்றக் கூடாது, டொக்டரைக் கூப்பிட வேணும். தசை வேலை செய்யும்போது தானும் சீனியை இழுக்கும், அதனால் வீட்டில் சும்மா இருந்தால் வராதது கம்பிக்கு நடுவில் வரும்.

இரத்தம் எடுக்கிற நாளில் சாப்பாட்டுப் பெட்டியைக் கையோடு கொண்டுபோங்கோ. இரத்தம் குடுத்த கையோடு குளிசையும் சாப்பாடும், பிறகுதான் பிசியோ.

தெஹிவளைப்பக்கம்

எல்லாக் குளிசைக்கும் இப்படி வருமோ? அம்மா மெட்போர்மின் போடுறவ.

பம்பலப்பிட்டி கரை

மெட்போர்மின் தனிய என்றால் அரிது. கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் வகைகளும் இன்சுலினும்தான் இப்படிச் செய்யும். கிளினிக் கொப்பியில் மருந்து எழுதின பக்கத்தைப் பிசியோவிடம் முதல் நாளே காட்டிவிடுங்கோ, அவை கேட்காவிட்டாலும்.