ரீப்ரொடியூசிபிலிட்டி, ரெப்ளிக்கபிலிட்டி: இரண்டுக்கும் ஒரே சொல் போதுமா?

அன்புள்ள குழுவினருக்கு,

நம் ஆய்வுமுறைச் சொற்பட்டியலில் ரீப்ரொடியூசிபிலிட்டி, ரெப்ளிக்கபிலிட்டி இரண்டுக்கும் நேரே 'மீளுருவாக்கத்திறன்' என்று ஒரே சொல் இருக்கிறது. பிரித்தாக வேண்டும். அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் 2019-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, முதலாவது: அதே தரவு, அதே நிரல், அதே பகுப்பாய்வுப் படிகள்; அதே விடை வருகிறதா? இரண்டாவது: அதே கேள்வி, ஆனால் புதிதாகத் திரட்டிய தரவு, விடை ஒத்துப்போகிறதா? முதலாவதில் தோற்றால் கணக்கில் எங்கோ பிழை, அல்லது ஆவணம் போதவில்லை. இரண்டாவதில் தோற்றால் காரணம் பத்து இருக்கலாம்; முதல் முடிவே தற்செயலாக வந்ததாகவும் இருக்கலாம்.

ஆங்கிலத்திலும் இது தெளிவாக இருந்ததில்லை. கணினியியலாளர் சங்கமான ஏ.சி.எம். 2016-இல் இவ்விரு சொற்களையும் தலைகீழாக வரையறுத்துவிட்டு, 2020-இல் இடம் மாற்றிக்கொண்டது. அந்தக் குழப்பத்தையும் சேர்த்து நாம் இறக்குமதி செய்ய வேண்டாம்.

என் முன்மொழிவு: முதலாவதற்கு 'மறுகணிப்பு', இரண்டாவதற்கு 'மறுநிகழ்த்தல்'. 'திறன்' என்ற ஒட்டை விட்டுவிடலாம் என்பேன். 'மீளுருவாக்கத்திறன் குறைந்த ஆய்வு' என்றால் ஆய்வாளருக்குத் திறமை போதவில்லை என்றுதான் காதில் விழுகிறது.

———

> முதலாவதற்கு 'மறுகணிப்பு'

வணக்கம். கணிப்பு என்றதும் வானிலைக் கணிப்பும் கருத்துக் கணிப்பும்தான் நினைவுக்கு வரும். தேர்தல் செய்திக்குப் பக்கத்தில் 'மறுகணிப்பு' என்று போட்டால் இரண்டாம் கருத்துக் கணிப்பு என்றே படிப்பார்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல், அளவியலை, அதாவது அளவிடும் அறிவியலை, விட்டுவிட்டீர்கள். வேதியியல், மருத்துவ ஆய்வகங்களில் ரிப்பீட்டபிலிட்டி, ரீப்ரொடியூசிபிலிட்டி என்ற இணைதான் புழக்கம், ஐ.எஸ்.ஓ. 5725 தரநிலை வரையறுத்தது. அங்கே ரிப்பீட்டபிலிட்டி என்றால் அதே ஆய்வகம், அதே கருவி, அதே ஆள், குறுகிய இடைவெளி. ரீப்ரொடியூசிபிலிட்டி என்றால் ஆய்வகம், கருவி, ஆள் மூன்றும் வேறு. அளவிடும் முறையும் பொருளும் மட்டும் அதே. அதாவது கணினிக்காரர் 'எல்லாம் அதேதான்' என்பதற்கு வைத்த பெயரை, அளவியலார் 'கிட்டத்தட்ட எல்லாம் வேறு' என்பதற்கு வைத்திருக்கிறார்கள். இரண்டையும் ஒரே தமிழ்ச் சொல்லால் பெயர்த்தால் நோயறி ஆய்வகக் கையேட்டில் பொருளே புரண்டுவிடும்.

அளவியலில் இவை இரண்டுமே அளவீட்டு நுட்பத்தின் (பிரிசிஷன்: திரும்ப எடுத்த அளவுகள் ஒன்றோடொன்று எவ்வளவு நெருங்கி வருகின்றன என்பது) வகைகள், எண்ணாகவே சொல்லப்படுபவை. ஒரே நிலையில் திரும்பத் திரும்ப எடுத்த அளவுகளின் திட்ட விலக்கத்தை 2.8-ஆல் பெருக்கினால் ஏற்பு எல்லை கிடைக்கும். திட்ட விலக்கம் 0.05 மி.கி. என்றால் எல்லை 0.14 மி.கி. அடுத்தடுத்து எடுத்த இரு அளவுகளின் வேறுபாடு அதைத் தாண்டுவது நூற்றுக்கு ஐந்து தடவைதான் நேரும். தாண்டினால் கருவியையோ மாதிரியையோ சந்தேகிக்கலாம். ஆகவே இங்கே ரிப்பீட்டபிலிட்டிக்கு 'ஒருநிலை நுட்பம்', ரீப்ரொடியூசிபிலிட்டிக்கு 'பலநிலை நுட்பம்' என்று வைத்துக்கொள்வோம். 'மீள்', 'மறு' எதுவும் வேண்டியதில்லை.

———

அன்பர்களே,

ஒருநிலை, பலநிலை இரண்டும் நன்று. அவற்றை அப்படியே ஏற்கலாம். மற்ற இரண்டுக்கும் முன்னொட்டிலிருந்து தொடங்குவோம்.

'மீள்' என்பது திரும்பி வருதல். மீள்பார்வை என்றால் பார்த்ததையே திரும்பப் பார்ப்பது. 'மறு'வில் 'வேறொன்று' என்ற பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது: மறுநாள், மறுகரை, மறுபக்கம், மறுபிறவி. மறுநாள் என்றால் அதே நாள் திரும்ப வருவதில்லையே. அப்படியானால் அதே தரவுக்குத் திரும்புவது மீள். வேறு தரவுக்குப் போவது மறு. நம் தேவைக்கு அளந்து தைத்ததுபோல் இருக்கிறது.

இதை விதியாகச் சொல்ல வரவில்லை. மறுபதிப்பு, மீள்பதிப்பு இரண்டும் ஒரே பொருளில் வழங்குகின்றன. தேர்வுத்தாள் மறுகூட்டலில் தாளும் மதிப்பெண்ணும் அதேதான், ஆனாலும் 'மறு'. இருந்தும் கலைச்சொல் வைக்கும்போது வழக்கிலுள்ள சாய்வைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கும் உரிமை நமக்கு உண்டு.

மறுகூட்டலைச் சொன்னதும் ஒன்று தோன்றுகிறது. மறுகூட்டல், மறுமதிப்பீடு, மறுதேர்வு மூன்றையும் குழப்பிக்கொள்கிற மாணவர் யாரும் இல்லை. கூட்டலைச் சரிபார்ப்பது ஒன்று. அதே விடைத்தாளை இன்னொருவர் திருத்துவது ஒன்று. புதிய வினாத்தாளோடு மறுபடி உட்காருவது ஒன்று. ஆய்விலும் இப்படி மூன்று உண்டு, நாம் இரண்டைத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். நடுவிலுள்ளது அதே தரவை வேறு முறையில் பகுப்பது. காற்பந்து நடுவர்கள் கருநிற ஆட்டக்காரர்களுக்குச் சிவப்பு அட்டை கூடுதலாகக் காட்டுகிறார்களா என்ற கேள்வியோடு ஒரே தரவை 29 குழுக்களிடம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018-இல் வெளிவந்தது. 20 குழுக்கள் 'ஆம், குறிப்பிடத்தக்க தொடர்பு உண்டு' என்றன. 9 குழுக்களுக்கு அப்படித் தெரியவில்லை. யார் கணக்கிலும் கூட்டல் பிழை இல்லை. இதற்கு 'மாற்றுப் பகுப்பாய்வு' போதும்.

'மறுநிகழ்த்தல்' எனக்கு உடன்பாடில்லை. சோதனையை நிகழ்த்தலாம், சுவடியியலிலும் கல்வெட்டியலிலும் நிகழ்த்த என்ன இருக்கிறது? ஒரு நூலின் பாடத்தை, அதாவது மூல வாசகத்தை, ஐந்து சுவடிகளை ஒப்பிட்டு ஒருவர் முடிவு செய்கிறார். அதே ஐந்து சுவடிகள், அவர் எழுதி வைத்த தேர்வு நெறிகள் இவற்றைக் கொண்டு இன்னொருவர் அதே பாடத்துக்கு வந்து சேர்ந்தால் அது முதல் வகை. ஆறாவதாக, அவற்றிலிருந்து படியெடுக்கப்படாத ஒரு சுவடி கிடைத்து அதிலும் அந்தப் பாடம் இருந்தால் அது இரண்டாம் வகை. இரண்டாவதற்குத் தமிழில் இயல்பாக வரும் சொல் 'சான்று'தான். ஆகவே:

மீள்வருவிப்பு: அதே தரவிலிருந்து அதே முடிவை வருவித்தல். சமன்பாட்டை வருவிப்பதில் உள்ள அதே 'வருவி'.

மறுசான்று: புதிய, சார்பற்ற தரவிலிருந்து அதே முடிவுக்குக் கிடைக்கும் சான்று. அதைத் தேடும் ஆய்வு, மறுசான்றாய்வு.

('மறுவருவிப்பு' என்றும் யோசித்தேன். 'மறுவருவி' என்று வினையாக்கினால் இன்னொரு குற்றாலம் கண் முன்னே கொட்டுகிறது.)

———

> புதிய, சார்பற்ற தரவிலிருந்து

இந்தச் 'சார்பற்ற' வரையறையில் இருந்தே தீர வேண்டும். இயேசுவின் உடலைச் சுற்றியது என்று பலர் நம்பும் துரின் போர்வையின் வயதை 1988-இல் ஆக்ஸ்ஃபோர்டு, ஜூரிக், அரிசோனா என மூன்று ஆய்வகங்கள் கார்பன் முறையில் அளந்தன, கி.பி. 1260–1390 என்று முடிவாயிற்று. ஒரே துணியை மூன்று ஆய்வகங்கள் அளந்தது பலநிலை நுட்பத்துக்கு எடுத்துக்காட்டு. ஆனால் மூன்று மறுசான்றுகள் என்று எண்ணக் கூடாது. துணியின் ஒரே மூலையில் வெட்டிய துண்டுகள் அவை. அந்த மூலையில் ஏதேனும் கோளாறு இருந்தால் மூவருக்கும் ஒரே கோளாறுதான்.

மீள்வருவிப்புக்கும் கார்பன் காலக்கணிப்பே பாடம் சொல்லும். ஆய்வகம் தருவது 1950-இலிருந்து பின்னோக்கி எண்ணும், திருத்தப்படாத ஆண்டு. அதைத் திருத்த வளைவில் (வயது தெரிந்த மர வளையம் முதலியவற்றை அளந்து வரைந்த வரைபடத்தில்) பொருத்தித்தான் நாட்காட்டி ஆண்டாக்குகிறோம். 2020-இல் வளைவு புதுப்பிக்கப்பட்டபோது பழைய ஆண்டுகள் பல நகர்ந்தன. கட்டுரையில் திருத்திய ஆண்டை மட்டும் கொடுத்துவிட்டு, மூல எண், பிழை வரம்பு, எந்த வளைவு என்பவற்றை விட்டுவிட்டால் யாராலும் மீள்வருவிக்க முடியாது.

புள்ளியியலிலும் இதே கதை. ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியின் 3.6.0 பதிப்பில் மாதிரி எடுக்கும் சார்பின் இயல்புநிலை வழிமுறை மாறியது. விதை எண் (தற்செயல் எண்களின் தொடரைத் தொடங்கிவைக்கும் எண்) 42 என்று எழுதி வைத்தாலும் பதிப்பெண்ணை எழுதாவிட்டால் அதே மாதிரி திரும்ப வராது. விரிதாள் இன்னும் மோசம்: 'செப்ட்2' என்ற மரபணுவை அது செப்டம்பர் 2 ஆக்கிவிடும். கடைசியில் மனித மரபணுப் பெயரிடல் குழுவே அந்தப் பெயரை 'செப்டின்2' என்று மாற்ற வேண்டியதாயிற்று. ஆக, 'மீள்வருவிக்கத்தக்கது' என்று ஓர் ஆய்வைச் சொல்வதற்கு மூலத் தரவு, நிரல், பதிப்பெண்கள், விதை எண் நான்கும் வெளியில் இருக்க வேண்டும் என்று பதிவிலேயே எழுதிவிடலாம்.

'மறுசான்று' பற்றி ஓர் எச்சரிக்கை. கிடைத்தது, கிடைக்கவில்லை என்று இரண்டே பெட்டியில் போட முடியாது. 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து 2015-இல் வெளியிட்டார்கள். புள்ளியியல் முக்கியத்துவம் (விளைவு வெறும் தற்செயல் என்று எளிதில் ஒதுக்க முடியாத நிலை) அளவுகோல் என்றால் 36% தேறின. முதல் ஆய்வின் விளைவளவு (விளைவு எவ்வளவு பெரியது என்ற எண்), புதிய ஆய்வின் 95% நம்பக இடைவெளிக்குள் (மதிப்பீட்டின் பிழை வரம்புக்குள்) விழுகிறதா என்று பார்த்தால் 47%. அதே ஆய்வுகள், அளவுகோல்தான் வேறு. 'மறுசான்று கிடைத்தது' என்று எழுதுபவர் எந்த அளவுகோலால் என்பதையும் எழுத வேண்டும்.

எலி, செல் வளர்ப்பு ஆய்வுகளில் தடுக்கும் இடம் அதற்கும் முன்னதாகவே வருகிறது. புற்றுநோய் உயிரியலில் 53 கட்டுரைகளின் 193 சோதனைகளைத் திரும்பச் செய்யத் திட்டமிட்டவர்கள், கடைசியில் முடித்தது 23 கட்டுரைகளின் 50 சோதனைகளைத்தான். மூல ஆசிரியரைக் கேட்காமல், கட்டுரையை மட்டும் படித்துச் செய்முறை வகுக்க முடிந்த சோதனை ஒன்றுகூட இல்லை. இதை 'மறுசான்று கிடைக்கவில்லை' என்று எழுதினால் தவறு. தேடவே முடியவில்லை. அதற்கு 'மறுசான்று தேட வழியில்லை' என்றே நீட்டி எழுதலாம்; தனிச்சொல் வேண்டாம்.

———

முதல் மடலில் நான் வைத்த இரண்டையும் திரும்பப் பெறுகிறேன். பட்டியலில் ஏற்ற வேண்டிய ஐந்து: ஒருநிலை நுட்பம், பலநிலை நுட்பம், மீள்வருவிப்பு, மாற்றுப் பகுப்பாய்வு, மறுசான்று.

ஒரே ஐயம். 'மறுசான்று' என்பதை 'மறுக்கும் சான்று' என்று யாரேனும் படிப்பார்களா?

———

படிக்கலாம். அந்தப் பொருளுக்கு 'எதிர்ச்சான்று' ஏற்கெனவே இருக்கிறது. பட்டியலில் பக்கத்திலேயே அதையும் சேர்த்துவிடுங்கள். 'மறுச்சான்று' என்று ஒற்று மிகுந்து வந்தால்தான் வம்பு. மறுபிறவி, மறுகூட்டல், மறுபதிப்பு எதிலும் மிகவில்லை, இதிலும் மிகாது. தட்டச்சில் சிலர் போட்டுவிடுவார்கள், மெய்ப்புப் பார்ப்பவர் கவனிக்கட்டும்.

டி.என்.ஏ. ரெப்ளிகேஷனுக்குப் பாடநூலில் உள்ள 'இரட்டிப்பாதல்' அப்படியே இருக்கட்டும். அதில் கைவைக்க வேண்டாம்.