வகுப்பறைக்கு உரோமக் காசு வாங்கலாமா?

பாளையங்கோட்டை ஆசிரியை:
ஆறாம் வகுப்பில் சங்க காலம் நடத்தும்போது, யவனர் (கிரேக்க, உரோம வணிகர்) பொன்னொடு வந்து கறியொடு (மிளகோடு) பெயர்ந்ததைச் சொல்லும் அகநானூற்றுப் பாட்டை விளக்கிவிட்டு, ஓர் உரோமச் செப்புக்காசைப் பிள்ளைகள் கையில் கொடுத்தேன். உரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் குடும்பத்தார் காலத்தது, அதாவது கி.பி. நான்காம் நூற்றாண்டு. நம் ஒரு ரூபாயைவிடச் சிறியது. சில நூறு ரூபாய்க்கு இணையத்தில் வாங்கியது. கொடிக்கம்பத்தின் இருபுறமும் ஈட்டியோடு நிற்கும் இரண்டு வீரர்களை ஒரு சிறுமி கண்ணை மூடி விரல்நுனியாலேயே கண்டுபிடித்தாள். பாடநூல் படம் இதைத் தராது. பிற ஆசிரியர்களும் வாங்க வேண்டுமென்று வலியுறுத்துகிறேன்.

ஏரல்காரன்:
அம்மா, உங்கள் அக்கறையை மதிக்கிறேன். ஆயினும் இதனை ஏற்க இயலவில்லை. முதலில், காலம் பொருந்தவில்லை. தமிழகப் புதையல்களில் மிகுதியாகக் கிடைக்கும் வெள்ளிக்காசுகள் உரோமப் பேரரசர்களான அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவை. உங்கள் காசு அவற்றுக்கு 300 ஆண்டு பிந்தியது. அதைவிடப் பெரிய குறை, அது கிடைத்த இடம் தெரியாமல் போனது. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியின் கருக்காக்குறிச்சியில் 501 உரோமப் பொற்காசுகள் ஒரே குவியலாகக் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் மன்னன் தலைமீது உளிவெட்டு இருந்தது என்பது, அவை ஒன்றாகப் பார்க்கப்பட்டதால்தான் தெரிந்தது. ஒவ்வொன்றாக விற்றுப் போயிருந்தால் அந்த வெட்டு வெறும் சேதமாகவே கருதப்பட்டிருக்கும்.

பாளையங்கோட்டை ஆசிரியை:
காலத்தைப் பற்றிய உங்கள் திருத்தம் பாதிதான் சரி, அண்ணாச்சி. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுச் சிறு செப்புக்காசுகள் கரூரிலும் மதுரையிலும் கிடைத்திருக்கின்றன. வணிகம் டைபீரியஸோடு முடியவில்லை என்பதையும் பிள்ளைகள் அறியட்டுமே.

தென்காசிச் சேகரிப்பாளர்:
வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நூறாண்டு கடந்த நாணயம் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதை வணிகமாக விற்பவருக்கு உரிமம் வேண்டும். உரிமமும் ரசீதும் கேளுங்கள். விளிம்பைச் சுற்றிக் கோடு ஓடினால் அது அச்சில் வார்த்த போலி.

ஏரல்காரன்:
ரசீது விற்றவரைக் காட்டும், மண்ணைக் காட்டாது. மலிவான உரோமக் காசுகளில் பெரும்பகுதி பால்கன் நாடுகளின் வயல்களில் உலோகங்காட்டிக் கருவியால் தோண்டியெடுக்கப்படுபவை. நம்மிடமும் இதுவே நடந்தது. கரூர் அமராவதி மணலில் சலித்தெடுத்துக் கைமாறிய காசுகள் பல, எந்த மண்ணடுக்கில் எதனோடு கிடந்தன என்ற செய்தியை இழந்தே வந்தன. நாளை ஸ்ரீவைகுண்டத்துப் பிள்ளை ஒருவன் வாய்க்கால் கரையில் புதையுண்ட பழங்காசு ஒன்றைக் கண்டால் என்ன செய்வான்? பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டுமென்று 1878ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. டீச்சர் காசு கொடுத்து வாங்கியதைக் கண்டவனுக்கோ விலைதான் முதலில் நினைவுக்கு வரும். பாண்டியரின் துறைமுகமான கொற்கை நமக்குப் பேருந்து தூரம். ஆதிச்சநல்லூரில் அகழ்ந்த குழியிலேயே முதுமக்கள் தாழிகளைக் கண்ணாடித் தளத்தின் மேல் நின்று பார்க்கலாம். அங்கே அழைத்துச் செல்லுங்கள்.

பாளையங்கோட்டை ஆசிரியை:
அழைத்துச் சென்றிருக்கிறேன், அங்கே எதையும் தொட முடியாது, தொடவும் கூடாது. ஆனால் உங்கள் கேள்வி வேறு வாயிலிருந்து முன்பே வந்துவிட்டது. வகுப்பில் ஒரு மாணவன், “டீச்சர், இது எந்த ஊரில் கிடைத்தது?” என்று கேட்டான். என்னிடம் விடையில்லை. அக்காசின் உறையில் “கிடைத்த இடம் தெரியாது” என்று அவனையே எழுதச் சொன்னேன். அதை இனியும் காட்டுவேன். ஆனால் பிறரையும் வாங்கச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். நான் வாங்கிய பத்துக் காசுகளில் மூன்று போலி என்பதையும் சொல்லிவிடுகிறேன். தென்காசி ஐயா சொன்ன அந்த விளிம்புக்கோட்டை நகத்தால் தடவித் தடவி, மூன்றையும் பிள்ளைகளே பிரித்தெடுத்துத் தனி டப்பாவில் போட்டார்கள்.