மொரிசியஸில் வணிக நிறுவனம்: 3 சதவீத வரிச் சலுகை யாருக்குக் கிடைக்கும்?

கேள்வி:
கரூரிலிருந்து படுக்கை விரிப்பு, சமையலறைத் துண்டு ஏற்றுமதி. கென்யா, மடகாஸ்கர் பார்ட்டிகளுக்கு மொரிசியஸ் நிறுவனம் வழியாக பில் போட்டால் வரி 3 சதவீதம்தான், அந்த நாடுகளில் சுங்க வரியும் கிடையாது என்கிறார் ஒரு ஏஜென்ட். எங்களுடையது பதிவு செய்த பார்ட்னர்ஷிப். சரக்கு தூத்துக்குடியிலிருந்து நேரே போகும். சரிப்படுமா?

பதில் 1:
3 சதவீதம் உண்மை. அங்கே பொதுவான கம்பெனி வரி 15 சதவீதம், சரக்கு ஏற்றுமதிக்கு 3. சரக்கு மொரிசியஸ் மண்ணில் இறங்காமல், நிறுவனம் தன் பெயரில் வாங்கி விற்றாலும் ஏற்றுமதியாகவே கொள்வார்கள்.

சுங்க வரி பற்றிச் சொன்னது தவறு. கோமெசா (கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொதுச் சந்தை) சலுகை மொரிசியஸில் உற்பத்தியான பொருளுக்குத்தான். பில் எந்த ஊரில் போட்டாலும் கரூர்த் துணி இந்தியத் துணிதான். கென்யாவின் மொம்பாசா துறைமுகச் சுங்கத்தில் கேட்பது தோற்றச் சான்றிதழை, அதாவது பொருள் எந்த நாட்டில் உற்பத்தியானது என்ற சான்றை. அதை மாற்றிக் காட்டினால் அபராதம் உங்கள் வாடிக்கையாளர் தலையில் விழும். அந்த ஆர்டர் திரும்ப வராது.

பதில் 2:
ஏஜென்ட் எந்த லைசென்ஸ் வாங்கித் தருகிறார் என்று முதலில் கேளுங்கள் சார். 'ஆதரைஸ்டு கம்பெனி' என்றால் செலவு குறைவு, ஆனால் அது அங்கே வரிக் குடியிருப்பாளர் (அந்த நாட்டு வரிதாரர்) ஆகாது, வரிக் குடியிருப்புச் சான்றிதழும் கிடைக்காது. உங்களுக்கு வேண்டியது குளோபல் பிசினஸ் லைசென்ஸ். அதற்கு மொரிசியஸில் வசிக்கும் இரண்டு இயக்குநர்கள், முதன்மை வங்கிக் கணக்கு, கணக்குப் புத்தகங்கள், தணிக்கை எல்லாம் அங்கேயே இருக்க வேண்டும். முடிவுகளைக் கரூரில் எடுத்துவிட்டு அங்கே கையெழுத்து மட்டும் வாங்கினால், அந்த நிறுவனத்தையே இந்திய நிறுவனமாகக் கருதி வரி போட வழி இருக்கிறது. அந்த நிறுவனத்தின் விற்றுமுதல் ஆண்டுக்கு 50 கோடி ரூபாய்க்குள் இருந்தால் அந்த விதி பாயாது.

ஆனால் ஒரே கைக்குள் இருக்கும் நிறுவனங்களுக்கிடையேயான விலை நிர்ணய விதிக்கு (டிரான்ஸ்ஃபர் பிரைசிங்) அந்த விலக்கு இல்லை. ஒரு செட்டை 4 டாலருக்கு மொரிசியஸுக்கு பில் போட்டு, அதையே நைரோபிக்கு 5.20-க்கு விற்கிறீர்கள் என்று வையுங்கள். அந்த 1.20 டாலருக்கு அங்கே என்ன வேலை நடந்தது என்று இங்கே வருமான வரி அதிகாரி கேட்பார். டிசைன், சாம்பிள், ஃபாலோ-அப் எல்லாம் கரூரில், அங்கே பெயர்ப்பலகை மட்டும் என்றால் 1.20-ஐயும் இங்கேயே சேர்த்துவிடுவார்கள். ஆடிட்டர் தரும் விலை நிர்ணய அறிக்கையில் இந்த விலையைக் காட்டத்தான் வேண்டும்.

அந்த நிறுவனத்துக்கு முதலீட்டுப் பணம் அனுப்புவது பார்ட்னர்ஷிப் பெயரிலேயே இருக்கட்டும். தனிநபராக அனுப்பினால் ஆண்டுக்கு 2.5 லட்சம் டாலர்தான் உச்சவரம்பு. வங்கியில் வெளிநாட்டு முதலீட்டுக்கான எஃப்சி படிவம் கொடுத்து தனி எண் வாங்கிய பிறகே பணம் போக வேண்டும். பிறகு ஆண்டறிக்கையை டிசம்பர் 31-க்குள் தர வேண்டும். பலர் சறுக்குவது இந்த ஆண்டறிக்கையில்தான்.

பதில் 3:
வரியை மட்டும் பார்த்து அந்த நாட்டை எடைபோட வேண்டாம். மக்கள்தொகை சுமார் 12.5 லட்சம், உள்ளூர்ச் சந்தை மிகச் சிறியது. 1968-இல் சுதந்திரம் பெற்றபோது கரும்பை நம்பியிருந்த தீவு, 1970-இல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் கொண்டுவந்து ஆடைத் தொழிலுக்கு மாறியது, பிறகு சுற்றுலா, நிதிச் சேவை. கூலி ஏறியதும் ஆடைத் தொழிற்சாலைகள் பல மடகாஸ்கருக்குப் போய்விட்டன. அங்கே தறி போடும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள்.

அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு இல்லை, மூலதன ஆதாய வரி இல்லை, நீதிமன்றத்தின் கடைசி மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போகிறது. முதலீட்டாளர்கள் அங்கே வருவதற்கு இவை வலுவான காரணங்கள். 2020 பிப்ரவரியில், கறுப்புப் பணப் புழக்கத்தைக் கண்காணிக்கும் சர்வதேச அமைப்பான எஃப்ஏடிஎஃப்-இன் சாம்பல் (கூடுதல் கண்காணிப்பு) பட்டியலில் விழுந்து 2021 அக்டோபரில்தான் வெளியே வந்தது. வங்கிகள் இன்று பணத்தின் மூலத்தைத் துருவிக் கேட்பதில் அந்த அனுபவத்துக்கும் பங்குண்டு. கணக்கு திறக்கும் முன்பே மூன்று வருடத் தணிக்கை அறிக்கை, ஆர்டர் நகல்களைத் தயாராக வையுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி சார். மொரிசியஸ் வழியாக வெறும் பில்லிங் வேண்டாம், அங்கே போர்ட் லூயி ஃப்ரீபோர்ட்டில் (சுங்க வரியில்லாத துறைமுக மண்டலம்) கிடங்கு போட்டால்?

பதில் 1:
சில்லறை ஆர்டர் இருந்தால் யோசிக்கலாம். ஒரு முழு கன்டெய்னரை இறக்கி, பிரித்து, லேபிள் ஒட்டி, ரீயூனியன், சீஷெல்ஸ், மடகாஸ்கருக்குச் சிறு சிறு பார்சலாக அனுப்ப அது தோதான இடம். லேபிள் மாற்றினாலும் தோற்ற நாடு இந்தியாதான். நவம்பரிலிருந்து மே வரை சூறாவளிக் காலம், துறைமுகத்தை மூடுவார்கள், 2024 ஜனவரியில் பெலால் புயலில் போர்ட் லூயி நகருக்குள்ளேயே வெள்ளம் வந்தது. அந்த மாதங்களுக்கான ஸ்டாக்கை அக்டோபருக்குள் இறக்கிவிடுங்கள். கென்யா பார்ட்டி முழு கன்டெய்னர் எடுப்பவர் என்றால் தூத்துக்குடியிலிருந்து நேரடியாக, கரூர் பெயரிலேயே பில் போடுங்கள்.