புதுப்பிப்பு: பெர்ஃபியூம் மணம் நிற்கவில்லை என்று கேட்டிருந்தேனே

சம்பளத்தை இறைத்து வாங்கிய மல்லிகை, ரோசா பெர்ஃபியூம் வெள்ளவத்தையில் பஸ் ஏறிக் கோட்டையில் இறங்குவதற்குள் காணாமல் போகிறது என்று போன மாதம் புலம்பியிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

சிலர் சொன்னபடி, பெர்ஃபியூம் அடித்ததும் மணிக்கட்டுகளை ஒன்றோடொன்று தேய்ப்பதை விட்டுப் பார்த்தேன். பெரிய வித்தியாசம் இல்லை. குளித்த கையோடு மணமில்லாத கிரீம் பூசி, அதன்மேல் அடிக்கச் சொன்ன அக்காவின் யோசனைதான் பலித்தது. காய்ந்த தோலில் மணம் சீக்கிரம் பறந்துவிடும். இப்போது மத்தியானச் சாப்பாடு வரை நிற்கிறது.

எதிர்பாராதது ஒன்று. எனக்கு ஒன்றுமே மணக்காத நேரத்தில் பக்கத்து மேசைத் தங்கச்சி, "அக்கா, ஆர் மல்லிகைப்பூ வச்சிருக்கிறது?" என்று தேடினாள். மூக்கு பழகிவிடுகிறது, அவ்வளவுதான். இது தெரியாமல் தினமும் இரண்டாம் தரம் அடித்து அரைப் போத்தலை முடித்திருக்கிறேன்!

அப்புறம், பட்டுச்சீலையில் அடிக்காதீர்கள். என் வெளிர்மஞ்சள் சீலையில் ஐந்து ரூபாய்க் குற்றி அளவு கறை இன்னும் போகவில்லை.