புதுப்பிப்பு: ஈட்டி மரமா, மஹோகனியா? கிட்டார் வாங்கிவிட்டேன்

விரல்களால் மீட்டிக்கொண்டே பாட, அக்கூஸ்டிக் கிட்டாரின் பின்பலகை ஈட்டி (ரோஸ்வுட்) மரமாக இருக்கலாமா, மஹோகனி மரமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி. மஹோகனிதான் வாங்கினேன், மேற்பலகை சிட்கா ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம்.

கைகொடுத்தது, "வேறொருவரை வாசிக்கச் சொல்லி எதிரே உட்கார்ந்து கேளுங்கள்" என்ற யோசனை. ஈட்டியில் கீழ்ச்சுரங்கள் கனத்து ஒலித்தன, நாதம் நெடுநேரம் நின்றது. தனி வாசிப்புக்கு அருமை. பாடத் தொடங்கியதும் குரலை அமுக்கியது. மஹோகனி சுரங்களைத் தெளிவாகப் பிரித்துக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

எதிர்பாராத விஷயம், பின்பலகையைவிட மேற்பலகைதான் அதிகம் பேசுகிறது. 'ஸ்ப்ரூஸ்' என்று மட்டும் எழுதியிருந்த ஒரு கிட்டார் வெறும் ஒட்டுப்பலகை. ஒலித்துளையின் விளிம்பை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள்: மேலே ஓடும் மரக்கோடுகள் வெட்டுமுகத்திலும் தொடர்ந்து இறங்கினால் முழுமரம், குறுக்கே அடுக்குகள் தெரிந்தால் ஒட்டுப்பலகை. பெயின்ட் பூசி விளிம்பை மறைத்திருந்தால் எனக்குச் சந்தேகம்தான்.

ஈட்டிக்குச் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) கட்டுப்பாடு உண்டே என்று ஒருவர் எச்சரித்திருந்தார். 2017இல் வந்த அந்தக் கட்டுப்பாட்டிலிருந்து, செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்கு அளித்துவிட்டார்கள்.

இரண்டு கிட்டார்களிலும் ஒரே வகைப் புதுக்கம்பி மாட்டச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். துருவேறிய கம்பியில் எந்த மரமும் மந்தம்தான்.