மடக்கு சைக்கிளுக்கு 451 சக்கரம் போட்டால் வேகம் கூடுமா?

வேகப்பிரியன்:
என் 20 அங்குல மடக்கு சைக்கிளில் 406 ரிம்மை எடுத்துவிட்டு 451 போட்டுவிட்டேன் (டயர் உட்காரும் இடத்தில் ரிம்மின் விட்டம், மி.மீ.இல்). 451ஐ 406ஆல் வகுத்துப் பாருங்கள், சக்கரம் 11 சதவீதம் பெரிது. அதே மிதிக்கு வண்டி அவ்வளவு கூடுதலாகப் போகிறது. யோசிக்காமல் மாற்றுங்கள்.

பல்சக்கரம்:
யோசிக்காமல் மாற்றச் சொல்வதுதான் எரிச்சலாக இருக்கிறது. தரையில் உருள்வது ரிம்மா, டயரா? 406 ரிம்மில் 50 மி.மீ. அகல டயர் போட்டால், மேலும் கீழும் டயரின் 50ஐச் சேர்த்து மொத்த விட்டம் 506. 451 ரிம்மில் 28 டயர் போட்டால் 507. ஒரு சுற்றுக்கு 3 மி.மீ. தான் கூடுதல். 11 எங்கிருந்து வந்தது?

வேகப்பிரியன்:
ஓட்டிப் பார்த்தவன் சொல்கிறேன். உட்கார்ந்து கணக்குப் போடுகிறவருக்கு என்ன தெரியும்? 11 சதவீதம்தான்.

பல்சக்கரம்:
சரி, முன்பு என்ன டயர் இருந்தது? இப்போது என்ன?

வேகப்பிரியன்:
அப்போது 35, இப்போது 28. அதனால் என்ன?

பல்சக்கரம்:
406உடன் 70ஐக் கூட்டினால் 476. அதிலிருந்து 507க்குப் போனால் 6.5 சதவீதம். அப்போதும் 11 வரவில்லை! மிதியோடு சுற்றும் முன் பல்சக்கரத்தின் பற்களை 52லிருந்து 56 ஆக்கினாலே மிதிக்கு 7.7 சதவீதம் தூரம் கூடும். சக்கரத்தைத் தொடவே வேண்டாம்.

மடக்கிவைப்பவர்:
பிரேக்கைப் பற்றி யாரும் பேசவில்லையே. ரிம் பிரேக் வண்டியில் 451 போட்டால் ரிம் 22 மி.மீ. வெளியே தள்ளிப் போய்விடும். பிரேக் கட்டை ஸ்போக்ஸ் கம்பிக்கு நேராக நிற்கும். அப்படி மாட்டிப் பார்த்து ஒரு நாள் முழுக்க வீணடித்தேன்.

வேகப்பிரியன்:
என்னுடையது டிஸ்க் பிரேக். அப்புறம், போன மாதம் சீட் கம்பியை எல்லைக் கோட்டுக்கு மேல் இழுத்து வைக்கலாம் என்றவர் நீங்கள்தானே?

மடக்கிவைப்பவர்:
அப்படிச் சொல்லவே இல்லை. கோடு வெளியே தெரிந்தால் நீளமான கம்பி வாங்குங்கள் என்றேன். படித்துவிட்டுப் பேசுங்கள்.

பல்சக்கரம்:
சீட் கம்பி கிடக்கட்டும். 11க்குப் பதில் வரவில்லை. பள்ளத்தில் இறங்கினால் 50 டயர் அடியை வாங்கிக்கொள்ளும், 28இல் அது நேரே மணிக்கட்டுக்கு வரும். சின்னச் சக்கரத்தில் இது லேசான விஷயம் இல்லை. இதையும் சொல்லாமல் ஊரையே மாற்றச் சொல்கிறீர்கள்.

வேகப்பிரியன்:
என் மணிக்கட்டு நன்றாகவே இருக்கிறது. 11தான்.

பல்சக்கரம்:
வால்வைக் கீழே கொண்டுவந்து தரையில் சாக்பீஸ் கோடு போடுங்கள். ஒரு சுற்று உருட்டி இன்னொரு கோடு. பழைய சக்கரத்துக்கும் அப்படியே. டேப் பிடித்து அளந்த இரண்டு எண்ணையும் இங்கே எழுதுங்கள்.

வேகப்பிரியன்:
எனக்கு வேறு வேலை இருக்கிறது. 451ஐ 406ஆல் நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள்.